அனுதினமும்: வாரநாட்களில் சீஷராக வாழ்வது எப்படி

சிலுவையை எடுத்துக்கொண்டு தம்மைப் பின்பற்றும்படி இயேசு அழைத்ததை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். ‘அனுதினமும்’ என்ற சொல் லூக்காவில் மட்டும்தான் வருகிறது (9:23). இந்த வழிகாட்டி அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், வருஷத்துக்கு ஒரு கன்வென்ஷன், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை இவற்றில் எதுவும் குறையாத வீடுகளில்கூட அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. மகன் கல்யாணத்தில் சவரன் கணக்கு நடக்கிறது. பணம், பகை, பந்தி: சீஷத்துவம் சோதிக்கப்படுவது இந்த மூன்று இடங்களில். காலை ஜெபமும் வேத வாசிப்பும் அங்கே கீழ்ப்படிய நம்மைத் தயார்செய்கின்றன. ஆகவே ஜெபத்தில் தொடங்கினாலும் அந்த மூன்றுக்கே அதிக இடம் தருகிறோம்.

தொடங்கும் முன் ஒரு தாள்

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றார் இயேசு (லூக்கா 14:28). ஒரு தாளில் உங்கள் வாரத்தை எழுதுங்கள்: எழும் நேரம், வேலைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், போனில் போகும் நேரம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயலாதீர்கள். முதல் இரண்டு வாரம் காலை வாசிப்பு மட்டும். மூன்றாம் வாரத்தில் குடும்ப ஜெபம். பிறகு பணக் கணக்கு. பகையும் பந்தியும் அதற்கும் பிறகு. மொத்தம் 13 வாரம், அதாவது மூன்று மாதம், ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்தில் தொடங்குவது எளிது. சபையும் கூடவே நடக்கும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். அதில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40.

காலையில் இருபது நிமிஷம்

பலர் ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கி பிப்ரவரியில் நின்றுவிடுகிறார்கள். காரணம் சோம்பல் அல்ல, கணக்கு. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிப்பவர் ஜனவரி 31 அன்று லேவியராகமத்துக்குள் நுழைகிறார். உதவிக்கு யாரும் இல்லாமல் பலிகளின் சட்டங்களுக்குள் தனியாக மாட்டிக்கொள்கிறார்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்கு 17 வசனம் என்றால் 40 நாளில் முடியும். அதன்பின் புதிய ஏற்பாட்டை எடுங்கள். அதில் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று வாசித்தால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க.

இருபது நிமிஷத்தை இப்படிப் பிரியுங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்க மூன்று நிமிஷம். பகுதியை இரண்டு முறை மெதுவாக வாசிக்கப் பத்து நிமிஷம். ஜெபத்துக்கு ஐந்து. மீதி இரண்டு நிமிஷத்தில், அன்றைக்குக் கீழ்ப்படிய வேண்டியதை ஒரு நோட்டில் ஒரே வரியாக எழுதுங்கள். இந்த வரிதான் முக்கியம். சூரியன் மறையும் முன் செய்யக்கூடியதாகவும், ஒரு ஆளின் பெயரோ ஒரு இடமோ உள்ளதாகவும் அது இருக்க வேண்டும். ‘எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்’ என்பது வரி அல்ல. சாயங்காலம் செய்தோமா இல்லையா என்று சொல்ல முடியாது. ‘நேற்றுத் திட்டின டிரைவரிடம் மதியத்துக்குள் மன்னிப்புக் கேட்பேன்’ என்பது வரி. மறுநாள் காலை புதிய பகுதியைத் திறக்கும் முன் நேற்றைய வரிக்கு எதிரே செய்தேன், செய்யவில்லை என்று குறியுங்கள்.

போனில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேதாகமச் செயலியைத் திறக்கும் விரல் அடுத்து வாட்ஸாப்பைத் திறக்கும். அச்சிட்ட வேதாகமத்தைத் தலைமாட்டில் வையுங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். பழைய திருப்புதலின், அதாவது நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின், தமிழ் அழகானது, நம் ஜெப மொழியே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் பழகிய சொல் காதில் ஓடிவிடும். வாசித்து முடித்ததும் அந்தப் பகுதியை உங்கள் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

குடும்ப ஜெபம்

பன்னிரண்டு நிமிஷம் போதும். கீர்த்தனையோ ஞானப்பாட்டோ இரண்டு சரணம், ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசிப்பு, பிள்ளைகளில் ஒருவர் புரிந்ததைச் சொல்வது, இரண்டு மூன்று பேர் சிறு ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். சாப்பிட்டபின் வைத்தால் சிறு பிள்ளைகள் தூங்கிவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். அப்பா பிரசங்கம் பண்ணத் தொடங்குகிறார், அல்லது ஜெபத்தின் வழியே பிள்ளையைத் திட்டுகிறார்: ‘ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கிறான், நீர்தான் புத்தி கொடுக்கணும்.’ அதைக் கேட்கும் பிள்ளைக்கு ஜெபம் தண்டனையாகிவிடும். பிள்ளையிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். பகலில் மனைவியிடம் சத்தம் போட்டிருந்தால், பிள்ளைகள் முன் போட்ட சத்தத்துக்குப் பிள்ளைகள் முன்பே மன்னிப்புக் கேளுங்கள். அன்றைக்கு அதைவிடப் பெரிய பிரசங்கம் தேவையில்லை.

ஆமென் சொன்னபின் நடப்பதையும் கவனியுங்கள். அம்மா அடுப்படிக்கும் மற்றவர்கள் டிவிக்கும் போகிறார்கள் என்றால் யோவான் 13-ஐ, இயேசு கால் கழுவின அதிகாரத்தை, அந்த வாரம் வாசியுங்கள். வாசித்த கையோடு அப்பாவும் மகனும் பாத்திரம் துலக்கட்டும்.

பணம்

சம்பள நாளன்று, வேறு செலவு தொடங்கும் முன், ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். முதல் வரி காணிக்கை அல்ல. நீங்கள் பிறருக்குக் கொடுக்க வேண்டிய கூலி. வீட்டுவேலை செய்பவர், கொத்தனார், தோட்டத்தில் வேலை செய்தவர், கடைப் பையன். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. பிடித்துவைத்த கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எழுதுகிறது. அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு கொடுக்கும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) அவர்களுடைய பணத்தில் கொடுப்பதே.

இரண்டாவது வரியில் காணிக்கை. மாதம் ரூ.30,000 வருமானம் என்றால் பத்தில் ஒன்று ரூ.3,000. இதில் பாதியை, ரூ.1,500-ஐ, சபைக்குக் கொடுங்கள். ரூ.750 மிஷனரி ஊழியத்துக்கு. மீதி ரூ.750 உங்களுக்குப் பெயர் தெரிந்த ஒரு ஏழைக்கு: பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை, மருந்து வாங்க முடியாத முதியவர். இந்தப் பங்கீடு எங்கள் கணிப்பு, விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசிப் பங்கை விட்டுவிடாதீர்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில், ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று உபாகமம் 14:28–29 சொல்கிறது.

வருமானம் நிச்சயமில்லாத வீடுகளுக்குப் பிடியரிசி என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்துக் கொடுப்பது. இந்திய மிஷனரி சங்கம் 1903-ல் திருநெல்வேலியில் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் காணிக்கையை நம்பியே தொடங்கப்பட்டது. சிறிய தொகை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம்.

வட்டிக்கடனில் இருப்பவர்கள் பத்தில் ஒன்றுக்காக இன்னொரு கடன் வாங்கக்கூடாது. நூற்றுக்கு இரண்டில் தொடங்கி, கடன் குறையக் குறைய ஏற்றுங்கள். ‘இவ்வளவு விதைத்தால் இத்தனை மடங்கு திரும்ப வரும்’ என்று யாராவது கேட்டால் அங்கே கொடுக்காதீர்கள். அது முதலீட்டுப் பேச்சு. சுவிசேஷத்தில் அப்படி ஒரு பேரம் இல்லை.

தவறான வழியில் வந்த பணம் இருந்தால் அதை உண்டியலில் போட்டுக் கழுவ முடியாது. வரி வசூலிப்பவரான சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். அதோடு நிற்காமல், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுத்தார் (லூக்கா 19:8). எடுத்த ஆளுக்கே திரும்ப வேண்டும். ஆள் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு. கடை வைத்திருப்பவர் தராசின் முத்திரையையும், பில்லில் போடாத பணத்தையும் இதே நோட்டில் பார்க்க வேண்டும்.

அடுத்து வரதட்சணை. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மிக அதிகமாக மழுப்பப்படும் கீழ்ப்படியாமை இதுதான். 1961-ம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது, கொடுப்பது இரண்டுமே குற்றம். குறைந்தது ஐந்து வருஷச் சிறை, அபராதம் ரூ.15,000 அல்லது வரதட்சணையின் மதிப்பு, எது அதிகமோ அது. சட்டத்தைவிட நம் வீட்டு வாக்கியம்தான் ஆபத்தானது: ‘நாங்க எதுவும் கேட்கல, அவங்க பிரியப்பட்டுப் போட்டாங்க.’ கேட்காமலே எதிர்பார்ப்பதும் கேட்பதுதான். பெண்வீட்டார் ஊர் வழக்கத்துக்குப் பயந்து கடன் வாங்குவார்கள்.

ஆகவே மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும் முன்பே தாய், தகப்பன், மகன் மூவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். தரகரிடமும் பெண்வீட்டாரிடமும் முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: ‘நகை, பணம், வண்டி, சீர் எதுவும் வாங்க மாட்டோம். கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது.’ நிச்சயத்துக்குப் பிறகு சொன்னால் பயனில்லை. அதற்குள் பெண்வீட்டார் நகைக்கடைக்குப் போய்விடுவார்கள். சொந்தக்காரர்கள் ‘பையனுக்கு ஏதாவது குறையா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைச் சுமப்பதும் சிலுவையில் ஒரு பங்கு. மகனே வாய் திறந்து சொன்னால் பேச்சு சீக்கிரம் அடங்கும்.

பகை

மத்தேயு 18:15–17 படிப்படியான வழியைத் தருகிறது: முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, பிறகுதான் சபைக்கு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, கமிட்டியில் பேசிவிட்டு, கடைசியாக அந்த ஆளுக்கு வேறு யாரோ மூலமாகத் தெரிய விடுகிறோம்.

முதல் படி: நேரில் போங்கள். வாட்ஸாப்பில் வேண்டாம், எழுத்தில் குரல் தெரியாது, அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடவும் முடியும். போகும் முன் சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக எழுதுங்கள். நடந்தது என்ன, அது என்னை என்ன செய்தது, இப்போது நான் கேட்பது என்ன. ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்ற வாக்கியம் வந்தால் அடித்துவிடுங்கள். பழைய கணக்கு உள்ளே வந்தால் இன்றைய கணக்கு தீராது.

தவறு உங்களுடையது என்றால் மத்தேயு 5:23–24-ன்படி காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போக வேண்டியவர் நீங்கள். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின வாரம் இதற்கு நல்ல நேரம். ‘நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க’ என்று சொல்லாதீர்கள். ‘இருந்தா’ என்ற ஒரு சொல் அந்த மன்னிப்பைக் காலியாக்கிவிடும். ‘அம்மா இறந்த வீட்டில் எல்லார் முன்னாலும் உங்களைத் தலைகுனிய வெச்சேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க அண்ணே’ என்று செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவர் பதில் சொல்ல ஒரு வாரம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். உடனே கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வற்புறுத்தல்தான்.

இரண்டாம் படிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் பக்கத்து மச்சானையோ உங்கள் கட்சி கமிட்டி உறுப்பினரையோ கூட்டிப்போகாதீர்கள். எதிராளி மதிக்கிற ஒருவர் அதில் இருக்க வேண்டும். சொத்துப் பிரச்சினை என்றால் பத்திரம், பட்டா, ரசீதுகளோடு போங்கள். கண்ணீரோடு ஜெபித்துவிட்டு எல்லையைப் பேசாமல் திரும்பினால் மறு அறுவடையில் சண்டை திரும்ப வரும்.

ஒரு விதிவிலக்கை உறுதியாகச் சொல்கிறோம். வீட்டில் அடி உதை, பிள்ளைகள் மீது பாலியல் தொல்லை, மிரட்டல் இவற்றுக்கு ‘தனியாகப் போய்ப் பேசு’ என்ற படி பொருந்தாது. பாதிக்கப்பட்டவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ‘மன்னித்து அனுசரித்துப் போ’ என்று திருப்பி அனுப்பவும் கூடாது. முதலில் பாதுகாப்பான இடம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. மன்னிப்பு அவர்கள் இருதயத்தில் எப்போது வர வேண்டுமோ அப்போது வரட்டும். குற்றத்தை மறைப்பதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

பந்தி

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11–14). சாப்பாட்டு விஷயம் என்று பவுல் அதை விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடை அல்ல என்றார்.

தமிழ்ச் சபைகளிலும் கேள்வி பந்தியில்தான் வந்து நின்றது. சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டொழிக்க வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1850-ல் சென்னை மிஷனரிகள் மாநாடு, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் சேர்ந்து சாப்பிடச் சம்மதிப்பதையே சாதியை விட்டதற்கு அடையாளமாக வைத்தது. நூற்றெழுபது வருஷம் கடந்தபின்னும் அந்தச் சோதனை நம் வீடுகளில் முடியவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் கோடு இருக்கிறது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இது. போன ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். எல்லாரும் ஒரே சாதி, அல்லது எல்லாரும் உங்களைத் திரும்ப அழைக்கக்கூடிய வசதியுள்ளவர்கள் என்றால், திரும்ப அழைக்க முடியாத ஏழைகளை விருந்துக்கு அழை என்னும் லூக்கா 14:12–14-ஐ நீங்கள் இன்னும் தொடவில்லை. இந்த மாதம் ஒரு குடும்பத்தை அழையுங்கள். அதே நாற்காலி, அதே தட்டு, அதே டம்ளர். நீங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். நின்று பரிமாறி அனுப்புவது தருமம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது இன்னும் கடினம்: அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவது. ‘வயிறு சரியில்ல, காபி மட்டும் போதும்’ என்ற சாக்கை எல்லாரும் புரிந்துகொள்வார்கள். அவர்கள் நிச்சயம் புரிந்துகொள்வார்கள்.

வேலைக்கு வருபவரின் தனி டம்ளரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு மாதத் தயாரிப்பு எதுவும் இதற்கு வேண்டாம். தென்மாவட்டச் சபைகளில் அசனம் என்ற பொதுப்பந்தி நடக்கிறது. அங்கே யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், இலை எடுப்பது யார் என்று பாருங்கள். இலை எடுப்பவர்கள் எப்போதும் ஒரே தெருக்காரர்கள் என்றால் அடுத்த அசனத்தில் நீங்கள் இலை எடுங்கள். மகள் கல்யாண விளம்பரத்தில் சாதியைக் குறிப்பிடாமல் விடுவது இதே வழியில் அடுத்த அடி. பந்தியில் தொடங்காத வீடுகளில் அது பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடுகிறது.

மூன்று நான்கு பேர்

தனியாக இவ்வளவையும் தொடர முடியாது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லி என்ற பிரசங்கியார் நடத்திய மெதடிஸ்டு இயக்கத்தார் ஆராதனைக் கூடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வசூலிக்க முடிவுசெய்தார்கள். சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். வசூலுக்காக வீடு வீடாகப் போனவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் நேரில் பார்த்தார்கள். அதிலிருந்துதான் ஒருவரையொருவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டம் பிறந்தது.

நீங்கள் மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. வாரம் ஒரு மணி நேரம். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், கேள்வி மூன்று: நோட்டில் எழுதின வரிகளில் எத்தனை செய்தாய்? பணத்தில் மறைக்கிறது ஏதாவது உண்டா? யாரோடு பேசாமல் இருக்கிறாய்? கடைசியில் சிறு ஜெபம். நீண்ட ஜெபம் வேண்டாம்; கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க நீண்ட ஜெபத்தைப்போல் வசதியானது வேறில்லை. அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். ‘ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்’ என்று வெளியே ஒருமுறை போனால் அந்தக் குழுவில் யாரும் மறுபடி உண்மை பேச மாட்டார்கள்.

இடையில் நாட்கள் தவறும். தவறின வாசிப்பைச் சேர்த்து ஒரே நாளில் வாசிக்காதீர்கள். இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். ஒரு வாரம் முழுதும் தவறினால் இருபது நிமிஷத்தைப் பத்தாகக் குறையுங்கள். நேரத்தைக் குறைக்கலாம், கீழ்ப்படியும் வரியை விடக்கூடாது.

பதின்மூன்றாம் வாரத்தின் முடிவில் ஆயரிடம் போய் ‘நான் வளர்ந்திருக்கிறேனா?’ என்று கேட்க வேண்டாம். அவர் உங்களை ஞாயிறில் பார்க்கிறார். உங்கள் மனைவி அல்லது கணவர், வீட்டில் உள்ள மிகச் சிறிய பிள்ளை, உங்களிடம் சம்பளம் வாங்கும் ஒருவர் என்று மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: ‘இந்த மூணு மாசத்துல என்கூட இருக்கிறது உங்களுக்குக் கொஞ்சமாவது சுலபமாச்சா? எதுல ஆகலை?’ சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் அடுத்த சுற்றின் முதல் வரி.